டாலிகஞ்சின் பாராக்களும் பேரிடர்த் தொண்டும்

புயல், வெள்ளம், தீ, கட்டட இடிபாடு ஆகியவற்றால் ஏற்படும் உயிரிழப்பில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே நேர்ந்துவிடுகிறது. அந்த நேரத்தில் அரசின் மீட்புப் படையினர் எத்துணை விரைந்து புறப்பட்டாலும் வழியில்தான் இருப்பர். சம்பவ இடத்தில் இருப்பவர்கள் அண்டை வீட்டாரும் தெருவாசிகளுமே. 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தில் இடிபாடுகளிலிருந்து உயிருடன் மீட்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோரை வெளிக்கொணர்ந்தவர்கள் குடும்பத்தினரும் அக்கம்பக்கத்தாருமே என்பது பின்னர் நிகழ்ந்த ஆய்வுகளால் புலனாயிற்று. எனவே, பேரிடர் மேலாண்மை என்னும் துறையில் கேட்கத்தக்க முதல் கேள்வி, அண்டை வீட்டார் வருவார்களா என்பதன்று; அவர்கள் எப்படியும் வருவார்கள். வரும்போது என்ன தெரிந்து வருகிறார்கள் என்பதே கேள்வி.

இதனை ஆராய்வதற்குக் கொல்கத்தா மாநகரின் தென்பகுதியிலுள்ள டாலிகஞ்ச் பொருத்தமான களமாகும். வெள்ளம் அப்பகுதியின் நில அமைப்பிலேயே இருக்கிறது. கூடிச் செயலாற்றும் பழக்கம் அதன் வரலாற்றிலேயே இருக்கிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று எந்த அளவுக்குச் சந்தித்துள்ளன என்பதில் அதிகாரிகளும் மாணவர்களும் அறிய வேண்டிய செய்திகள் பல உண்டு.

நீர் தேங்கும் நிலம்

கங்கையின் பழைய போக்கு ஆதிகங்கை எனப்படுகிறது. மண்மூடிக் கிடந்த அதன் ஒரு பகுதியை, மேஜர் வில்லியம் டாலி என்பவர் 1775 முதல் 1777 வரை ஆழப்படுத்திப் படகுக் கால்வாயாக்கினார். அதில் செல்லும் படகுகளுக்குச் சுங்கம் வாங்கவும் கரையில் சந்தை அமைக்கவும் அவருக்கு உரிமை வழங்கப்பட்டது. கால்வாய் ‘டாலி நாலா’ ஆயிற்று. சந்தை ‘டாலிகஞ்ச்’ ஆயிற்று. ஆக, ஊரின் பெயரே ஒரு வடிகாலிலிருந்து பிறந்தது. அந்த வடிகாலின் நிலை இன்று இரங்கத்தக்கது. மெட்ரோ ரயில் பாதையை டாலிகஞ்சுக்குத் தெற்கே நீட்டியபோது தூண்கள் நாலாவின் படுகையிலேயே நடப்பட்டன. அப்பாதையின் முதற்பகுதி 2009இல் திறக்கப்பட்டது. போக்குவரத்துக்கு அது பெரும் வசதி. நீரோட்டத்துக்கு அது ஒரு தடை.

கொல்கத்தாவின் வடிகால் இயல்பை வெளியூரார் எளிதில் விளங்கிக்கொள்வதில்லை. மேற்கே ஹூக்ளி ஆறு ஓடினாலும் நகரின் நிலம் ஆற்றை நோக்கிச் சரியாமல் கிழக்கே சதுப்புநிலங்களை நோக்கிச் சரிகிறது. ஹூக்ளியில் கடல் ஓதம் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. ஓதம் ஏறும் வேளையில் ஆற்று நீர் நகருக்குள் புகாதபடி மதகுகளை அடைக்க வேண்டும். அவ்வேளையில் கனமழையும் பெய்தால் மழைநீர் வெளியேற வழியின்றித் தெருக்களில் நிற்கும். ஓதம் இறங்கி மதகு திறக்கும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. இறைப்பு நிலையங்கள் ஓரளவே உதவும். ஆகவே, டாலிகஞ்ச் வாசிக்கு வானிலை அறிக்கை மட்டும் போதாது. ஓத நேர அட்டவணையும் தெரிந்திருக்க வேண்டும். இச்செய்தி மீனவக் குடும்பத்தாருக்குப் புதிதன்று. அடுக்குமாடிக் குடியிருப்பினருக்குப் புதிதாகத் தோன்றலாம்.

1978 செப்டம்பர் இறுதியில் மேற்கு வங்கத்தில் பெருவெள்ளம் ஏற்பட்டது. கொல்கத்தாவில் 28ஆம் நாள் பதிவான மழை சுமார் 370 மி.மீ. ஆகும். நகரின் பல பகுதிகள் நாட்கணக்கில் நீரில் நின்றன. 2025 செப்டம்பர் 23 அன்று அதிகாலையுடன் முடிந்த மழை ஏறத்தாழ 250 மி.மீ.; அதிலும் பெரும்பகுதி நள்ளிரவுக்குப் பின் சில மணி நேரத்தில் கொட்டியது. துர்க்கா பூசைக்குச் சில நாட்களே இருந்தன. இந்த இரண்டாம் நிகழ்ச்சியில் கருதத்தக்கது மழையின் அளவு மட்டுமன்று. உயிரிழந்தோரில் பெரும்பாலோர் நீரில் மூழ்கி இறக்கவில்லை. தேங்கிய நீரில் மின்சாரம் தாக்கி இறந்தனர். முழங்கால் அளவு நீரில் நடப்பது பழக்கப்பட்ட செயல் என்று எண்ணி இறங்கியவர்கள் அவர்கள். நகர்ப்புற வெள்ளத்தின் தன்மை மாறிவிட்டது என்பதற்கும், தெருக் குழுவினரின் பயிற்சியும் அதற்கேற்ப மாற வேண்டும் என்பதற்கும் இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சங்கொலியில் தொடங்கிய அமைப்பு

தெருவாசிகள் குழுவாகத் திரண்டு ஆபத்தை எதிர்கொள்ளும் பழக்கம் கொல்கத்தாவில் புதியதன்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் நகரின்மீது குண்டு வீசின. அக்காலத்தில் விமானத் தாக்குதல் தற்காப்புப் பணிக்கெனப் பகுதி வாரியாகக் காவலர்கள் அமர்த்தப்பட்டனர். எனினும் அது மேலிருந்து ஏற்படுத்தப்பட்ட ஏற்பாடு. போர் முடிந்ததும் கலைந்தது.

கீழிருந்து எழுந்த அமைப்பு அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் வந்தது. 1947இல் நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் டாலிகஞ்ச், ஜாதவ்பூர் வட்டாரங்களில் காலியாகக் கிடந்த தாழ்நிலங்களிலும், போர்க்காலத்தில் இராணுவம் பயன்படுத்திக் கைவிட்ட முகாம்களிலும் குடியேறினர். விஜய்கட், ஆசாத்கட், விக்ரம்கட், நேதாஜி நகர் என்னும் பெயர்கள் அக்காலத்தின் மனநிலையை உணர்த்துவன. ‘கட்’ என்றால் கோட்டை. கோட்டை என்று பெயரிட்டார்களேயன்றி, அங்கிருந்தவை மூங்கில் தட்டிச் சுவரும் ஓலைக் கூரையும் கொண்ட குடிசைகளே.

ஒவ்வொரு குடியேற்றத்திற்கும் ஒரு குழு இருந்தது. மனைகளைப் பிரித்துக் கொடுத்ததும், பாதை அமைத்ததும், குழாய்க்கிணறு தோண்டியதும், பள்ளி தொடங்கியதும் அக்குழுக்களே. 1950இல் இக்குழுக்களை இணைத்து ஐக்கிய மத்திய அகதிகள் மன்றம் தோன்றியது. நில உரிமையாளரின் ஆட்கள் குடிசைகளைப் பிரித்தெறிய வரும் இரவுகளில் காவலிருந்தவர்கள் இளைஞர்கள். ஆபத்து வருவதைக் குடியேற்றம் முழுவதற்கும் அறிவித்தவர்கள் பெண்கள். அவர்கள் பயன்படுத்திய கருவி, வங்காள இல்லங்களின் வழிபாட்டறையில் இருக்கும் சங்கு. ஒரு வீட்டில் ஊதினால் அடுத்த வீட்டில் ஊதுவர்; சில நிமிடங்களில் குடியேற்றமே விழித்துக்கொள்ளும். முன்னெச்சரிக்கை அமைப்பு என்று இன்று பாடநூல்கள் கூறும் அனைத்துக் கூறுகளும் இதில் இருந்தன: எல்லோருக்கும் புரியும் ஒலி, செலவற்ற கருவி, ஒலியைக் கேட்டதும் செய்ய வேண்டியது இன்னதென முன்பே அறிந்த மக்கள்.

டாலிகஞ்ச் நகராட்சி 1953இல் கல்கத்தா மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. காலப்போக்கில் குடியேற்றங்கள் ஒழுங்குபடுத்தப்பட்டன. குடிசைகள் வீடுகளாகவும், வீடுகள் அடுக்குமாடிகளாகவும் மாறின. தாழ்நிலம் என்பது மட்டும் மாறவில்லை. குளங்கள் பல தூர்க்கப்பட்டமையால் நிலைமை மோசமாயிற்று என்றே கூற வேண்டும். 2025 ஜனவரியில் இதே வட்டாரத்தைச் சேர்ந்த பாகா ஜதீனில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தது. அவ்வேளையில் அதில் குடியிருப்போர் இல்லாதது நற்பேறு.

மன்றமும் பூசையும்

வங்காளத்தில் தெருக்கள் சில சேர்ந்த குடியிருப்புப் பகுதியைப் ‘பாரா’ என்பர். நமது ஊர்களில் பேட்டை என்றும் தெரு என்றும் சொல்வதற்கு ஏறக்குறைய ஒப்பானது. வீட்டு வாயிலில் ‘ரோவாக்’ எனப்படும் திண்ணை. மாலையில் அங்கே கூடிப் பேசும் வழக்கம். பாராவுக்கு ஒரு மன்றம். மன்றத்தில் கேரம் பலகையும் கால்பந்தும் இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை இரத்ததான முகாம் நடக்கும். இலையுதிர் காலத்தில் துர்க்கா பூசை நடக்கும். தெற்குக் கொல்கத்தாவில் ஏரிச் சந்தைப் பகுதியில் நீண்டகாலமாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களும் இவ்வழக்கங்களை நன்கறிவர்.

பூசை என்றதும் வழிபாடும் கொண்டாட்டமும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. நிர்வாக நோக்கில் பார்ப்பவருக்கு அது வேறொன்றாகத் தோன்றும். சில வாரங்களில் மூங்கிலும் துணியும் கொண்டு பெரும் பந்தல் எழுப்பப்படுகிறது. தற்காலிக மின்னிணைப்பு பெறப்படுகிறது, மின்னாக்கி கொண்டுவரப்படுகிறது. தீயணைப்புத் துறையிடமும் காவல்துறையிடமும் அனுமதி வாங்கப்படுகிறது. திரளும் மக்களை ஒருவழியாக உள்ளே விட்டு மறுவழியாக வெளியே அனுப்பக் கயிறு கட்டித் தொண்டர்கள் நிற்கிறார்கள். முதலுதவி மேசை, குடிநீர், ஒலிபெருக்கி, காணாமற்போன குழந்தைகளைப் பற்றிய அறிவிப்பு எல்லாம் உண்டு. வீடு வீடாகச் சென்று நன்கொடை திரட்டுவதால், எந்த வீட்டில் எத்தனை பேர், யார் படுக்கையில் கிடக்கிறார், யாருடைய பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கின்றனர் என்பதெல்லாம் மன்றத்தாருக்குத் தெரியும். ஒரு நிவாரண முகாமை நடத்துவதற்கு வேண்டிய திறன்களில் இதற்கு மேல் என்ன இருக்கிறது? டாலிகஞ்சிற்கு இன்னொரு வளமும் உண்டு. வங்காளத் திரைப்படத் தொழிலின் உறைவிடம் அது. 1931இல் தொடங்கிய நியூ தியேட்டர்ஸ் முதலாகப் படநிலையங்கள் பல அங்கு அமைந்தன. மின்னாக்கி வண்டிகளையும் விளக்குகளையும் வடங்களையும் கையாளும் தொழில்நுட்பப் பணியாளர் அவ்வட்டாரத்தில் நிறைந்துள்ளனர்.

ஆயினும் மன்றம் பாரா முழுவதும் அன்று. அது பெரும்பாலும் ஆடவர் கூடும் இடம். வாடகைக்குக் குடியிருப்போர், வீட்டுவேலை செய்யும் பெண்கள், கால்வாய்க் கரைக் குடிசையினர் ஆகியோர் அதன் பட்டியலில் இடம்பெறுவது அரிது. வெள்ளத்தில் முதலில் பாதிக்கப்படுவோரோ அவர்களே. கட்சிச் சார்பும் மன்றங்களில் நுழைந்துள்ளது என்பது எவரும் அறிந்ததே. நிவாரணப் பொருள் வழங்கும் நேரத்தில் யார் நம்மவர் என்னும் கேள்வி எழுந்துவிட்டால் தொண்டு பாழாகும். சங்கூதிய பெண்களின் வழிவந்தோரை மன்றத்துக்கு வெளியே நிறுத்திவிட்டுத் தெருக் காவலைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

உம்பன் கற்பித்தது

2020 மே 20 அன்று ‘உம்பன்’ புயல் சுந்தரவனப் பகுதியில் கரை கடந்தது. கொல்கத்தாவில் காற்றின் வேகம் மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல் பதிவாயிற்று. அலிப்பூரில் ஒரே நாளில் 200 மி.மீட்டருக்கும் கூடுதலாக மழை பெய்தது. புயல் எச்சரிக்கையில் குறை ஏதும் இல்லை. இந்தியாவில் புயல் எச்சரிக்கைப் பணி தொடங்கியதே கொல்கத்தாவில்தான்: 1864 அக்டோபரில் பல்லாயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட புயலுக்குப் பின், 1865இல் அங்குள்ள துறைமுகத்துக்கு எச்சரிக்கை முறை ஏற்படுத்தப்பட்டது. டாலிகஞ்சை அடுத்த அலிப்பூரில் இன்று வட்டாரப் புயல் எச்சரிக்கை மையம் இயங்குகிறது. உம்பன் வரும் நாளும் ஏறத்தாழ நேரமும் முன்னரே அறிவிக்கப்பட்டன.

ஆனால் புயலுக்குப் பிந்தைய நாட்களுக்கான ஆயத்தம் போதவில்லை. நகரில் 5,000க்கும் மேற்பட்ட மரங்கள் சாய்ந்தன. அவை மின்கம்பிகளின் மீதும் தெருக்களின் குறுக்கேயும் விழுந்ததால் மின்சாரம் நின்றது. மின்சாரம் நின்றதும் அடுக்குமாடிகளில் குடிநீர் நின்றது. காரணம், மாநகராட்சி நீர் தரைக்கீழ்த் தொட்டியில் வந்து விழுந்தாலும் அதை மேலே ஏற்றும் இறைப்பி மின்சாரமின்றி இயங்காது. நான்காம் மாடியில் தனித்து வாழும் முதியவருக்கு இது சிரமம் என்னும் சொல்லில் அடங்காது. அது கொரோனா ஊரடங்குக் காலம். கூலியாட்கள் ஊர் திரும்பிவிட்டனர். மாநகராட்சியிலும் மின் நிறுவனத்திலும் ஆள் பற்றாக்குறை. நான்கைந்து நாட்களாகியும் மின்சாரம் வராத பகுதிகளில் மக்கள் சாலைக்கு வந்து மறியல் செய்தனர். மே 23 அன்று மாநில அரசின் வேண்டுகோளின் பேரில் இராணுவம் வரவழைக்கப்பட்டது. வீரர்கள் மரங்களை அகற்றிய பகுதிகளில் டாலிகஞ்சும் ஒன்று.

இராணுவம் வருமுன் பாராக்களில் இளைஞர்கள் கையில் கிடைத்த அரிவாளும் கோடரியும் கொண்டு மரங்களை வெட்டித் தெருக்களைத் திறந்தனர். முதியோர் இல்லங்களுக்கு வாளியில் நீர் சுமந்தனர். இது போற்றத்தக்கதே. ஆனால் சாய்ந்த மரத்தை வெட்டுவது நிற்கும் மரத்தை வெட்டுவதினும் ஆபத்தானது. வளைந்து அழுந்திய கிளையை அறுத்ததும் அது வில்லைப் போல் நிமிர்ந்து அறுப்பவரை அடிக்கும். இலைகளுக்கிடையே மறைந்த மின்கம்பியில் மின்னோட்டம் நின்றுவிட்டது என்பதை மின் நிறுவனத்தாரன்றி வேறெவரும் உறுதி கூற இயலாது. மின்னோட்டத்தை மீண்டும் தொடங்க வேண்டுமானால், எந்தத் தெருவில் யார் வெட்டிக்கொண்டிருக்கின்றனர் என்பது நிறுவனத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெருக் குழுவுக்கும் மின் நிறுவனத்துக்கும் இடையே பெயரறிந்த ஒரு தொடர்பாளர் இருந்திருந்தால் எத்தனையோ மணி நேரமும் மனக்கசப்பும் மிச்சமாகியிருக்கும்.

திருப்பி அனுப்பப்பட்டவர்கள்

டாலிகஞ்சிற்குக் கிழக்கே சிறிது தொலைவில் டாகுரியா உள்ளது. 2011 டிசம்பர் 9 அன்று அதிகாலையில் அங்கிருந்த தனியார் மருத்துவமனை ஒன்றின் தரைக்கீழ்த் தளத்தில் தீப்பிடித்தது. முழுதும் கண்ணாடியால் மூடப்பெற்ற கட்டடம் ஆதலால் புகை வெளியேற வழியின்றி மேல்தளங்களுக்குப் பரவியது. சுமார் 90 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் எழுந்து நடக்க இயலாத நோயாளிகள். தீயினால் அன்று, புகையினால் மூச்சுத் திணறி மாண்டனர். நோயாளிகளை மீட்கப் போராடி உயிர்நீத்த கேரளத்துச் செவிலியர் இருவரும் அவர்களுள் அடங்குவர்.

புகையை முதலில் கண்டவர்கள் அம்மருத்துவமனையை ஒட்டிய பஞ்சானன்தலாக் குடிசைப் பகுதியினர். அவர்கள் ஓடிச்சென்று அறிவித்தபோது வாயிற்காவலர்கள், ஒன்றுமில்லை எனக் கூறித் திருப்பி அனுப்பிவிட்டதாக அப்போது செய்திகள் வெளியாயின. பின்னர் அதே இளைஞர்களே மதிலேறி உள்ளே புகுந்து, கண்ணாடிகளை உடைத்து, நோயாளிகளைத் தோளில் சுமந்தும் கயிற்றில் இறக்கியும் காப்பாற்றினர். பயிற்சி கிடையாது, முகமூடி கிடையாது, கட்டடத்தின் வரைபடம் தெரியாது.

இந்நிகழ்ச்சி கொல்கத்தாவில் தீப்பாதுகாப்பு விதிகளைப் பற்றிப் பெரும் விவாதத்தை எழுப்பியது. அது தேவையானதே. ஆனால் அந்தத் திருப்பியனுப்பப்பட்ட சில நிமிடங்களைப் பற்றி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. மருத்துவமனையும் குடிசைப் பகுதியும் ஒரு மதிலின் இருபுறமும் ஆண்டுக்கணக்கில் இருந்தன. ஒரு முறையேனும் இருசாராரும் கூடித் தீ ஒத்திகை நடத்தியிருந்தால், ஓடிவந்தவனைக் காவலர் அடையாளம் கண்டிருப்பார். பெரிய நிறுவனங்கள் தம் ஒத்திகைகளைத் தம் ஊழியரோடு முடித்துக்கொள்கின்றன. சுற்றிலும் வாழ்வோரைக் கூட்டம் என்றே கருதுகின்றன. அதிகாரிகள் ஆய்வுக்குச் செல்லும்போது தீயணைப்புக் கருவிகளின் காலாவதித் தேதியைப் பார்ப்பதோடு, பக்கத்துத் தெருவில் யாரை அறிவீர்கள் என்றும் கேட்கலாம்.

பிறர் கண்ட வழிகள்

அண்டை நாடான வங்காள தேசத்தின் அனுபவம் இங்கு நேரடியாகப் பொருந்துவது. 1970 நவம்பரில் அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய புயலில் குறைந்தது 3 இலட்சம் பேர் மாண்டனர். எச்சரிக்கை இருந்தது, அது கடைசிக் கிராமம் வரை சென்று சேரவில்லை. 1972இல் செஞ்சிலுவை அமைப்பின் துணையுடன் தொடங்கப்பட்ட புயல் ஆயத்தத் திட்டத்தில், ஊர்தோறும் தொண்டர் அலகுகள் ஏற்படுத்தப்பட்டன. கொடியேற்றியும், கையொலிபெருக்கியில் கூவியும், வீடு வீடாகச் சென்றும் அவர்கள் எச்சரிக்கையைச் சேர்ப்பிக்கின்றனர். தொண்டர்கள் இன்று 76,000 அளவில் உள்ளனர். அவர்களுள் சரிபாதி பெண்கள். 1991இலும் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர் என்பதை மறைக்கலாகாது. ஆனால் 2007இல் வீசிய ‘சிதர்’ புயலில் இறப்பு 4,000க்குள் நின்றது. புகலிடக் கட்டடங்கள், கரைகள், மேம்பட்ட முன்னறிவிப்பு ஆகியவற்றோடு தொண்டர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

மெக்சிகோ தலைநகரில் 1985 செப்டம்பர் 19 அன்று நிலநடுக்கம் ஏற்பட்டபோது பயிற்சியற்ற மக்கள் திரண்டு சுமார் 800 பேரை மீட்டனர். மீட்கச் சென்றவர்களில் 100க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர் எனக் கூறப்படுகிறது. இக்கணக்கைக் கண்ட லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத் தீயணைப்புத் துறை, குடிமக்களுக்கு அடிப்படைப் பயிற்சி அளிக்கும் முறையை அதே ஆண்டில் தொடங்கியது. மக்களைத் தடுக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டதே அத்துறையின் சிறப்பு.

தமிழகத்தாருக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு புதுச்சேரியை அடுத்த நல்லவாடு மீனவ ஊராகும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வருவதைச் சிங்கப்பூரில் இருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைபேசியில் அறிவித்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கி வாயிலாக அச்செய்தி ஊருக்கு எட்டியது. 3,000க்கு மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினர். அன்றாடம் மீன் விலையையும் அலையின் உயரத்தையும் சொல்லிவந்த ஒலிபெருக்கி என்பதால்தான் மக்கள் அதை நம்பினர். ஆண்டுக்கொருமுறை ஒலிக்கும் சங்கை யார் பொருட்படுத்துவர்? 2015 டிசம்பரில் சென்னையிலும், 2018 ஆகஸ்டில் கேரளத்திலும் மீனவர்கள் தம் படகுகளை ஏற்றிக்கொண்டு நகருக்குள் வந்து மக்களை மீட்டது அண்மைக்கால வரலாறு.

ஒரு பாராக் குழு செய்யத்தக்கவை

இருபது அல்லது முப்பது பேர் கொண்ட குழு ஒரு பாராவுக்குப் போதும். அவர்களுள் பாதிப் பேரேனும் பகல் வேளையில் தெருவில் இருப்பவர்களாக இருத்தல் வேண்டும். அலுவலகம் செல்லும் இளைஞர்களை மட்டும் கொண்ட குழு ஞாயிற்றுக்கிழமைப் பேரிடருக்கே பயன்படும். இல்லத்தரசிகள், கடைக்காரர், சைக்கிள் ரிக்ஷா ஓட்டுநர், ஓய்வுபெற்றவர், வீட்டுவேலை செய்வோர் ஆகியோரே பகலில் பாராவைக் காப்பவர்கள்.

முதல் வேலை பட்டியலும் வரைபடமும். தானாக நடக்க இயலாதவர், ஆக்சிஜன் அல்லது இன்சுலின் தேவைப்படுவோர், நிறைமாதக் கருவுற்றவர், தனித்திருக்கும் முதியோர் ஆகியோர் எந்த வீட்டில், எந்த அறையில் உறங்குகின்றனர் என்பது வரை குறித்தல் நன்று. கோபே நிலநடுக்கத்தின்போது அவாஜித் தீவிலுள்ள ஹொகுதான் என்னும் சிற்றூரில், இடிபாட்டில் சிக்கிய ஏறத்தாழ 300 பேரை அன்றே மீட்க முடிந்ததற்கு, யார் எந்த அறையில் உறங்குவர் என்று அண்டை வீட்டார் அறிந்திருந்ததே காரணமாகக் கூறப்படுகிறது. இப்பட்டியல் திருடனின் கைக்கும் கட்சித் தரகரின் கைக்கும் போய்ச் சேராமல் காப்பதும் குழுவின் பொறுப்பு. இருவர் பொறுப்பில், மூடிய உறையில் வைத்து, ஆறு மாதத்திற்கொருமுறை திருத்தினால் போதும்.

வரைபடத்தில் தெருவின் மிகத் தாழ்ந்த இடம், வடிகால் மூடிகள், மின் பெட்டிகள், சாயக்கூடிய மரங்கள், மாடியில் இடமளிக்கக்கூடிய பள்ளி, நீர் இறைக்கத்தக்க குளம் ஆகியவை குறிக்கப்பட வேண்டும். வெள்ளக் காலத்தில் மூடியைத் திறந்துவிட்டால் நீர் வடியும் என்று எண்ணித் திறப்பதும், திறந்த குழியில் பிறர் விழுவதும் ஆண்டுதோறும் கேள்விப்படுவன. திறந்தே ஆக வேண்டுமெனில் மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டி ஒருவர் காவல் நிற்க வேண்டும். பந்தல் போடும் பாராவில் மூங்கிலுக்கும் துணிக்கும் பஞ்சமில்லை.

மின்சாரத்தைப் பொறுத்தவரை குழுவுக்கு ஒரே விதி: தேங்கிய நீரில் விளக்குக் கம்பமோ மின் பெட்டியோ நின்றால் அத்தெருவைக் கயிறு கட்டி அடைத்துவிட்டு நிறுவனத்தை அழைக்க வேண்டும். இரப்பர் காலணியை நம்பி இறங்குவது துணிவன்று. மின் தாக்கியவரை வெறுங்கையால் தொடாமல், மின்னோட்டத்தை நிறுத்திய பின்னரே அணுக வேண்டும். மூச்சும் நாடியும் நின்றிருந்தால் மார்பை அழுத்திச் செயற்கைச் சுவாசம் அளிக்கும் பயிற்சி குழுவில் ஒவ்வொருவருக்கும் தேவை. இதனைக் கற்க ஒரு பிற்பகல் போதும். ஆண்டுதோறும் புதுப்பிக்காவிட்டால் மறந்துபோகும்.

குடிநீர் இன்னொன்று. தரைக்கீழ்த் தொட்டியில் வெள்ள நீர் புகுந்திருப்பின், மின்சாரம் வந்தவுடன் இறைப்பியை இயக்குவது நோயை மாடிக்கு ஏற்றுவதாகும். தொட்டியை வெறுமையாக்கிக் கழுவி, வெளுப்புத் தூள் இட்ட பின்னரே பயன்படுத்த வேண்டும்.

அரசின் ஏற்பாடும் எஞ்சியுள்ள கேள்வியும்

1968ஆம் ஆண்டின் குடிமைப் பாதுகாப்புச் சட்டம் போர்க்காலத்தை மனத்திற்கொண்டு இயற்றப்பட்டது. 2009இல் செய்யப்பட்ட திருத்தத்தால் பேரிடர்ப் பணியும் அதில் சேர்ந்தது. 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டுத் தேசிய, மாநில, மாவட்ட ஆணையங்கள் ஏற்பட்டன. 2025இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், மாநிலத் தலைநகரங்களிலும் மாநகராட்சி உள்ள பெருநகரங்களிலும் நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க வகைசெய்கிறது. 144 வட்டங்களைக் கொண்ட கொல்கத்தா போன்ற மாநகருக்கு மாவட்டம் என்னும் அலகு அவ்வளவாகப் பொருந்தாதிருந்தது. அக்குறை நீங்க இப்போது வழி உள்ளது. வட்டத்துக்குக் கீழே, பாரா என்னும் அலகை அந்த ஆணையம் ஏற்குமா என்பது சட்டத்தில் இல்லை. அது நிர்வாகத்தின் விருப்பத்தைப் பொறுத்தது.

‘ஆப்த மித்ரா’ என்னும் மத்தியத் திட்டம் 2016இல், வெள்ள அபாயமுள்ள 30 மாவட்டங்களில், மாவட்டத்திற்கு 200 பேர் வீதம் 6,000 தொண்டர்களைப் பயிற்றத் தொடங்கியது. பின்னர் 350 மாவட்டங்களில் 1 இலட்சம் பேர் என அது விரிவாக்கப்பட்டது. பன்னிரண்டு நாள் பயிற்சி, அவசரக் காலக் கருவிப் பை, காப்பீடு ஆகியவை அதன் சிறப்புக் கூறுகள். மாவட்டத்திற்குச் சில நூறு பேர் என்னும் கணக்கு சிற்றூர்களில் எடுபடலாம். ஒரே வட்டத்தில் பல்லாயிரம் பேர் வாழும் மாநகரில் அது கடலில் கரைத்த பெருங்காயமாகும். பயிற்சி பெற்ற தொண்டரைப் பாராக் குழுவுக்கு ஆசிரியராக அமர்த்தினாலன்றிப் பயன் பரவாது.

மேற்கு வங்க அரசு 2018 முதல் துர்க்கா பூசைக் குழுக்களுக்கு நிதியுதவி அளித்துவருகிறது. அவ்வாண்டில் குழுவொன்றுக்கு 10,000 ரூபாயாக இருந்த தொகை 2025இல் 1,10,000 ரூபாயாக உயர்ந்தது. இந்நிதி வேண்டுமா என்னும் வாதத்திற்கு இருபக்கமும் ஆட்கள் உண்டு. கொடுக்கப்படும் வரையில், அதைப் பெறும் குழு ஆண்டுக்கு ஒரு வெள்ள ஒத்திகையும் ஒரு தீ ஒத்திகையும் நடத்தியிருக்க வேண்டும் என்னும் நிபந்தனையைச் சேர்ப்பதற்குப் புதிய சட்டமோ புதிய துறையோ தேவையில்லை. தீயணைப்பு அனுமதிக்காக மன்றத்தார் நிலையத்துக்கு வரும் நாளிலேயே அதற்குத் தேதி குறிக்கலாம்.

காப்பீட்டைப் பற்றிய கேள்வி இன்னும் எஞ்சியுள்ளது. ஆப்த மித்ராவில் பதிவு பெற்றவருக்கு அது உண்டு. பதிவு பெறாமல், நள்ளிரவில் அண்டை வீட்டு முதியவரைத் தூக்கிவர இடுப்பளவு நீரில் இறங்கும் மன்றத்து இளைஞருக்கு அத்திட்டம் பொருந்தாது. வட்ட அலுவலகத்தில் குழுவின் பெயர்ப் பட்டியலை ஏற்று, ஆண்டுக்கொருமுறை பயிற்சியைச் சரிபார்த்து, அவர்களையும் காப்பீட்டுக்குள் கொண்டுவருவதற்கான செலவு, ஒரு பெரிய பந்தலின் விளக்கு அலங்காரச் செலவைக் காட்டிலும் எவ்வளவு கூடும் அல்லது குறையும் என்பதை மாநகராட்சியின் கணக்குப் பிரிவினர் எளிதில் கண்டறியலாம்.